பெட்டி திறந்த பிறகு கிடைத்த பிழை

1

இந்தக் கதை என் மனைவியுடையது. அவளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கணவன் கதை எழுதுகிறவனாக இருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் சங்கடங்களில் இது சின்னது. (பெரியது: அவன் அதை வாசித்தும் காட்டுவான்.)

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "பிரபஞ்சத்தின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஒரு ரகசியம்…" எழுதிவிட்டு, வெட்கப்பட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டாவது: "ப்ரஹ்லாத் என்ற இயற்பியலாளன், மீசையைத் தடவியபடி…" அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ரூபினி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு எதுக்குப்பா மீசை வச்ச?"

பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சொந்தப் பெயரையே போடலாம். ஆனால் அவள் நல்லவளாக வரக் கூடாது. இதுவரை நான் எழுதிய பாத்திரங்களில் இப்படிக் கேட்டவர் யாரும் இல்லை.

2

ரூபினி வேலை செய்யும் குழு, புரோட்டானுக்குள் என்ன இருக்கிறது என்று அளக்கிறது. மூன்று குவார்க்குகள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நானும் அதோடு நிம்மதியாக இருந்தேன். உள்ளே உண்மையில் ஒரே நெரிசல். குவார்க்குகள், அவற்றைப் பிணைக்கும் குளுவான்கள், ஜோடியாகத் தோன்றி உடனே மறைகிறவை. புரோட்டான் ஓடும்போது அந்த ஓட்டத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி. எட்டிப் பார்க்க வழியில்லை. மோதவிட்டு, சிதறி வருவதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். (வைட்ஃபீல்ட் சாலை நெரிசலில் எந்த வண்டியால் எவ்வளவு நகர்வு என்று கேட்பது போல, என்று எழுதியிருந்தேன். "அங்க எதுவும் நகராது. உதாரணம் தப்பு" என்று அடித்துவிட்டாள்.)

'ஸ்ட்ரேஞ்ச்' என்ற வகைக் குவார்க்கின் பங்கு சரியாகத் தெரியாத ஒன்று. ரூபினியின் நான்கு வருடங்கள் அதற்குள் போயின. விடை ஒற்றை எண்ணாக வராது. இவ்வளவு, இதற்கு மேலும் கீழும் இவ்வளவு தூரம் எங்களுக்குத் தெரியாது, என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். தெரியாததன் அகலத்தை நேர்மையாகச் சொல்வதற்கே உழைப்பில் பெரும்பகுதி போய்விடுகிறதாம். நான் இத்தனை கதைகள் எழுதியும் ஒன்றின் கீழும் அப்படிப் போட்டதில்லை.

3

பிடித்த மாதிரி விடை வந்துவிட்டால் மனிதர்கள் பிழை தேடுவதை நிறுத்திவிடுவார்கள். இது ரூபினியின் குழுவுக்குத் தெரியும். அதனால் கணினி, விடையோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி மறைத்து வைக்கிறது. சரிபார்ப்பெல்லாம் முடிந்து, "இனி எதையும் தொட மாட்டோம்" என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு அந்த எண்ணைக் கழிப்பார்கள். அதற்குப் பெட்டி திறப்பது என்று பெயர்.

இவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி திறப்பதற்கு முன்பே இனிப்பு வாங்கிவிட வேண்டும். விடையைப் பார்த்த பிறகு வாங்கினால், குறிப்பிட்ட ஒரு விடைக்கு ஆசைப்பட்டதாகிவிடும்.

போன மாதம் திறந்தார்கள். மற்ற குழுக்கள் அளந்ததிலிருந்து இவர்களுடைய விடை நன்றாகவே விலகி நின்றது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கையில் யாரோ தவறுதலாக இனிப்புத் தட்டை நீட்டிவிட்டது போல, ஆளுக்கொரு தார்வாட் பேடாவை மென்றுகொண்டு நின்றார்களாம்.

4

அன்றிலிருந்து ரூபினி பிழை தேடினாள். கிடைத்தது. உணர்கருவியில் ஒரு பகுதி கொஞ்ச காலம் செத்துக் கிடந்திருக்கிறது. அது வேலை செய்ததாகவே கணக்கில் எடுத்திருக்கிறாள். அவளுடைய பிழை, அவள் ஒருத்தியுடையது.

திருத்திய கணக்கை ஓட்டிப் பார்க்காமல், முதலில் ஸ்ரீஹர்ஷாவிடம் போய்ச் சொன்னாள். ரகசிய எண்ணை வைத்திருந்தவன் அவன்தான். பழைய நண்பன். கேன்டீன் வாசலில் காபியோடு நின்றிருந்தவன் திட்டவில்லை. கேள்விதான் கேட்டான்.

"விடை மத்தவங்களோட ஒத்து வந்திருந்தா, இதைத் தேடியிருப்பியா? சும்னே சொல்லு, சும்மா சொல்லு, யோசிக்காத."

"மாட்டேன்."

"அப்ப தேடாம விட்டது இன்னும் எத்தனை இருக்கோ."

[இந்த இடத்தில் ரூபினியை அழவைத்திருந்தேன். நான்கு வரி, நன்றாகவே வந்திருந்தது. பக்கத்தில் அவள் எழுதியது: "அழல. பசிச்சுது. ரெண்டு தட்டு இட்லி சாப்ட்டேன்."]

5

இப்போது அவளுக்கு இரண்டு வழி. கிடைத்த பிழையை மட்டும் திருத்தி, திறந்த பிறகு திருத்தினோம் என்று சொல்லி வெளியிடலாம். அதில் பொய் இல்லை. ஆனால் பிடிக்காத விடையைப் பார்த்த கோபம்தான் அந்தப் பிழையைத் தேடிப் பிடித்தது. அதே கோபத்தோடு மற்ற எதையும் பார்க்கவில்லை. இன்னொரு வழி, புது ரகசிய எண்ணைக் கூட்டி எல்லாவற்றையும் மறைத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றையும் அதே வெறியோடு சரிபார்ப்பது. அதற்கு ஒரு வருடம் ஆகும். அவளுடைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. நிரந்தர வேலைக்கான நேர்காணலில் காட்ட அவளிடம் இருப்பது இந்த ஒரு விடைதான். அவள் போன பிறகு வேறு யாராவது முடிப்பார்கள்.

இன்று மதியம் சாப்பிட்ட தட்டோடு உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள். நான் வழக்கம்போல, ஒரு வருடம் வீட்டிலிருந்தால் என் கதைகளைச் சரிபார்க்கலாமே, அங்கே பிழைக்குப் பஞ்சமில்லை என்றேன்.

"தினேஷ், ஜோக்கு அப்புறம். நான் என்ன பண்ணட்டும்?"

"இந்த ஒண்ண மட்டும் திருத்துனா விடை எந்தப் பக்கம் போவும்?"

அவள் என்னையே பார்த்தாள்.

"பாத்தியா. நீயும் முதல்ல அதத்தான் கேக்கற."

"உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியாது. என்ன பண்ணப்போறேன்னு சொல்லிட்டுத்தான் திருத்தின கணக்க ஓட்டணும். பாத்துட்டு சொன்னா அது முடிவு இல்லப்பா."

கை கழுவிவிட்டு ஸ்ரீஹர்ஷாவுக்குப் போன் போட்டாள். தன் முடிவை அவனிடம் மட்டும் சொன்னாள். கதவு சாத்தியிருந்தது. நான் ஒட்டுக்கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை.

6

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: திருத்திய விடை மற்றவர்களோடு ஒத்துப்போகிறது. ஊர் என்ன சொல்லும்? வேண்டிய விடை வரும்வரை நோண்டினாள். இன்னொரு முடிவு: விடை இன்னும் தள்ளிப் போகிறது. அதே ஊர் அவளை நேர்மைக்கு உதாரணம் என்று சொல்லும். இரண்டிலும் அவள் செய்தது ஒன்றேதான். இரண்டையும் அழித்துவிட்டேன்.

இதை எழுதும்போது ரூபினி உள்ளே இருக்கிறாள். பிரேசர் டவுனில் எங்கள் வீட்டின் இரண்டாவது அறையில், திருத்திய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் என்ன முடிவு செய்தாள் என்று எனக்குத் தெரியாது. விடை எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்கும் தெரியாது. அவள் வெளியே வருவதற்குள், அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதியாக வேண்டும்.

என் பதில்: இந்தப் பிழையை மட்டும் திருத்து, மார்ச்சுக்குள்

இல்லை. என் பதில்: முதலிலிருந்து பார், ரூபினி. வேலை போனால்

போனால் என்ன என்று எழுதக் கை வரவில்லை. அவள் எத்தனை ஆசையோடு

உள்ளே நாற்காலி நகர்கிறது. நீங்கள் சொல்லுங்கள், அவள் என்ன செய்யட்டும்? இப்போதே சொல்லுங்கள். கதவு திறந்து அவள் முகத்தைப் பார்த்த பிறகு நாம் சொல்வது எதுவும் கணக்கில் வராது.