தொட்டேரியைச் சுத்தம் செய்தது யார்?

ஓசூரில் வழக்கறிஞர் சென்னகிருஷ்ணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஏரி வக்கீல்’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார். மற்ற வக்கீல்கள் அடிதடி, ஜீவனாம்சம், செக் மோசடி என்று பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் மட்டும் ஏரி, ஆறு, கல்குவாரி, புகைபோக்கி என்று போனார். இயற்கைமேல் அவ்வளவு பாசமா என்றால், பாசம்தான். அந்தப் பக்கம் போட்டிக்கு ஆளில்லை என்பதும் ஒரு காரணம்.

கெலவரப்பள்ளி அணையில் கழிவு நுரை பொங்கும்போதெல்லாம் டிவிக்காரர்கள் இவருக்குத்தான் போன் போடுவார்கள். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் நுரை தெரியும்படி நின்று, “இதைச் சும்மா விடமாட்டோம்” என்று முழங்குவார். நுரை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். “நுரை அடங்குனா நீங்களும் அடங்கிடுறீங்க” என்பாள் மனைவி சரிதா. பள்ளிக்கூட டீச்சர், மார்க் போடுவதில் கொஞ்சம் கஞ்சம்.

வழக்கில் ஜெயித்திருக்கிறாரா? ஒருவகையில் ஜெயித்திருக்கிறார். ‘மனுதாரரின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலிக்கவும்’ என்ற உத்தரவை அவரைப்போல் வாங்கியவர் மாவட்டத்திலேயே கிடையாது. அதிகாரிகளும் பரிசீலிப்பார்கள். பரிசீலித்துக்கொண்டே ரிட்டயர் ஆவார்கள். மற்ற வழக்குகளில் எதிர்த்தரப்புக்கு ஒரே பதில்தான்: அழுக்கு எங்களுடையதல்ல, கர்நாடகத்திலிருந்து ஆற்றோடு வருகிறது. இங்கே கம்பெனி நடத்துகிறவர்களுக்கு மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி செக்போஸ்ட் குலதெய்வம் மாதிரி. எந்தப் பாவத்தையும் அங்கே கொண்டுபோய் இறக்கிவைத்துவிடலாம்.

அதனால்தான் தொட்டேரி வழக்கு கைக்கு வந்தபோது அவருக்குச் சந்தோஷத்தில் தூக்கம் போனது. கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ஏரிக்கு ஆற்றுத்தண்ணீர் ஒரு சொட்டு வராது. மழைத்தண்ணீர் வரும், அதற்கு மேலே மேட்டில் இருக்கும் பிளேட்டிங் கம்பெனியின் பைப்பிலிருந்து ஓடை வழியாக ஒரு தண்ணீர் வரும். வண்டி பாகங்களுக்கு முலாம் பூசிவிட்டுக் கழுவிவிடும் தண்ணீர். காலையில் பச்சையாகவும் சாயங்காலம் மஞ்சளாகவும் ஓடும். எல்லைமேல் பழிபோட வழியே இல்லை.

வழக்குப் போட்டவள் வெங்கடம்மாள். ஏரிக்குக் கீழே தக்காளியும் ராகியும் வைத்திருப்பவள். அவள் கிணற்றுத்தண்ணீரை மாடு மோந்துபார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தக்காளிச்செடி பூக்கும் முன்பே கருகியது. பைப்பை அடைத்தால் கிணறு பிழைக்கும், கிணறு பிழைத்தால்தான் அவள் அந்த ஊரில் பிழைக்க முடியும். வழக்கில் இருந்ததெல்லாம் இவ்வளவுதான். சென்னகிருஷ்ணன் சென்னைக்கு நடையாய் நடந்து, சேறும் செத்த மீனுமாக எடுத்த போட்டோக்களைக் காட்டி, பசுமைத் தீர்ப்பாயத்தில் ஓர் உத்தரவு வாங்கினார். பரிசீலிக்கச் சொல்லும் உத்தரவு அல்ல. அதிகாரிகள் குழு நேரில் போய் ஓடையையும் ஏரியையும் பார்த்து, தண்ணீரும் சேறும் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற உத்தரவு. அன்றைக்கு சரிதாகூட ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்கு ஒரே பயம்தான். முன்பு வேறோர் ஊரில் இப்படி ஆய்வுக்கு வந்த இடத்தில் எவனோ போதையில் நாற்காலியைத் தூக்கி வீச, அதிகாரிகள் வந்த வழியே ஜீப் ஏறிப்போய்விட்டார்கள். அதனால் தொட்டேரிக்குப் போய் வேப்பமரத்தடியில் ஊரைக் கூட்டினார்.

“பெரிய பெரிய அதிகாரிங்க வர்றாங்க. ஊரு மானம் உங்க கையிலதான் இருக்குது. யாரும் குடிச்சிட்டு வந்து நிக்கக்கூடாது. எல்லாம் நீட்டா இருக்கணும். புரிஞ்சுதா?”

“நீங்க விடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்” என்றார் வார்டு மெம்பர் மாதேஷ். வெங்கடம்மாளும் தலையாட்டினாள். வக்கீல் நிம்மதியாகக் கார் ஏறினார்.

மகராசன், இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதிகாரி வருகிறார் என்றால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? கலெக்டர் வந்தாலும் மந்திரி வந்தாலும் ரோட்டோரம் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக்கோடு விழும், புதருக்குக் கத்தரி விழும், குப்பை ராத்திரியே காணாமல் போகும். அழுக்கைப் பார்ப்பதற்கென்றே ஓர் அதிகாரி வருவார் என்பதை நம் ஜனங்கள் எந்தக் காலத்தில் கண்டார்கள்? இருபது வருஷமாக ஏரியைப் பற்றிப் பேசுகிற மனிதர், ஏரிக்கரையில் இருப்பவர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆய்வு நாளில் குழுவின் ஜீப்புக்குப் பின்னால் தன் காரில் வந்தவர், ஊர் எல்லையில் இரண்டு வாழைமரம் கட்டியிருப்பதைப் பார்த்ததும் லேசாக வியர்த்தார். ஏரிக்கரைக்கு வந்தபோது முழுசாக நனைந்துவிட்டார். ஓடையில் கணுக்கால் உயரம் படிந்திருந்த பச்சைச்சேறு ஒரு பிடிகூட இல்லை. வழித்தெடுத்து, மேலே புதுச் செம்மண் கொட்டி, பெண்கள் அதன்மேல் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். செத்த மீனைக் காணோம். ஏரித்தண்ணீரில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் மூட்டை மூட்டையாகக் கொட்டியதில், அது கல்யாண வீட்டுப் பாத்திரம்போலப் பளிச்சென்று இருந்தது. கம்பெனிக்காரன் முட்டாளா? அவன் அந்த வாரம் முழுக்கப் பைப்பை மூடிவிட்டான்.

அதிகாரிகளுக்குச் சால்வை போட்டார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். குழுத்தலைவர் கரையில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “ரொம்ப ரம்மியமான இடம்” என்றார்.

சென்னகிருஷ்ணன் வெங்கடம்மாளைத் தனியாக ஓரங்கட்டினார். “என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஏன் சார், நல்லா இல்லீங்களா?” அவள் முகத்தில் பெருமை வழிந்தது. “நூறுநாள் வேலைப் பொம்பளைங்க அத்தனை பேரும் எறங்கிட்டோம். மெம்பரு ஜேசிபி கொண்டாந்தாரு. நீங்கதான சார் நீட்டா இருக்கணும்னீங்க?”

“கிணறு? உங்க கிணத்துத் தண்ணியையாவது எடுத்துக் காட்டலாம், வாங்க.”

“அதையும் மோட்டாரு போட்டு எறைச்சிட்டு டேங்கரு தண்ணி ஊத்திட்டோம் சார். வர்றவங்க குடிக்கத் தண்ணி கேட்டா அந்தக் கருமத்தையா குடுக்கறது?”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே தாழியைக் கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டார்கள். வழித்த சேற்றை ரோட்டு வேலைப் பள்ளத்தில் கொட்டியதாக மாதேஷ் சொன்னதும், வக்கீல் ஓடிப்போய்க் குழுத்தலைவரிடம் அந்தப் பள்ளத்தைத் தோண்டிப் பார்க்கச் சொன்னார். தலைவர் உத்தரவைப் புரட்டினார். “ஓடையும் ஏரியும்னுதான் சார் இருக்கு. நீங்க மனுவுல கேட்டதும் அதானே?” என்று இளநீரை உறிஞ்சினார். கேட்டது அதுதான்.

அடுத்த விசாரணையில் அறிக்கையைப் படித்தார்கள். ஓடையில் கழிவு இல்லை, ஏரி நல்ல பராமரிப்பில் உள்ளது, கிராமத்தினரின் வரவேற்பு பாராட்டத்தக்கது. கம்பெனி வக்கீல் சென்னைக்காரர், பெரிய பெயர், நரைத்த மீசைக்குள் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் நீதிபதி சாதாரண ஆள் இல்லை. பழைய போட்டோக்களையும் புதிய போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்தச் சேறு எங்கே போயிற்று? இதைச் சுத்தம் செய்தது யார்?”

கதவு திறந்துதான் இருந்தது. ‘என் கட்சிக்காரர்கள்தான் அய்யா. அதிகாரிகள் வருகிறார்கள் என்று வீட்டைக் கூட்டுவதுபோல் கூட்டிவிட்டார்கள். சேறு இன்ன பள்ளத்தில் இருக்கிறது, தோண்டிப் பார்க்க உத்தரவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. சென்னகிருஷ்ணனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கூடத்தில் சென்னை வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தன் சாட்சியத்தைத் தன் கட்சிக்காரர்களை விட்டே கழுவவைத்த ஏரி வக்கீல் என்று கேன்டீனில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இப்போதே காதில் விழுந்துவிட்டது அவருக்கு. அந்த நேரம் பார்த்துப் புத்தியில் ஒரு மின்னல் வெட்டியது.

“கம்பெனிதான் மை லார்ட்! ஆய்வுக்கு முன்னால் இரவோடிரவாக ஆள் வைத்து எல்லாவற்றையும் வழித்துவிட்டார்கள். கம்பெனியைத் தவிர வேறு யாருக்கு இந்த அவசியம்?”

சொல்லி முடித்ததும் அவருக்கே கைதட்டத் தோன்றியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்கு அந்த நேரத்தில் அது பாட்டாகத்தான் தெரியும்.

கம்பெனி வக்கீல் அவசரமில்லாமல் எழுந்தார். தன் பின்னால் இருந்த மேனேஜரைக் குனிந்து ஒரு வார்த்தை கேட்டார். நிமிர்ந்தபோது மீசைக்குள் இருந்த புன்னகை வெளியே வந்திருந்தது.

“கற்றறிந்த நண்பர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறோம் மை லார்ட். ஏரியைச் சுத்தம் செய்தது என் கட்சிக்காரர்தான். சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து செய்தார்கள். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தார்கள். அந்தச் சேறு எங்களுடையது அல்ல என்றாலும், ஊர் நல்லதுக்காகச் செய்தது. மனுதாரர் தரப்பே இதைப் பெருந்தன்மையோடு பதிவு செய்ததற்கு நன்றி.”

சென்னகிருஷ்ணன் வாயைத் திறந்தார். எதைச் சொல்லி மறுப்பது? கம்பெனி செய்யவில்லை என்றா? அதைச் சொன்னால், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சொன்னது பொய் என்று ஆகும். இரு தரப்பும் ஒரே வாயாகச் சொன்ன விஷயத்தில் விசாரிக்க என்ன இருக்கிறது? நீதிபதி எழுதவைத்தார். ஏரியைச் சுத்தம் செய்தது கம்பெனி என்பதை மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார், கம்பெனியின் முயற்சி பாராட்டுக்குரியது, தொட்டேரியைத் தொடர்ந்து பராமரிக்கும் பொறுப்பும் கம்பெனியிடமே விடப்படுகிறது, மனு முடித்துவைக்கப்படுகிறது. பாலுக்குப் பூனையையே காவல் வைத்தாயிற்று, அதுவும் பால்காரன் வாயாலேயே.

தொட்டேரிக்குப் போய் இதைச் சொல்லும் தைரியம் வர அவருக்குச் சில நாள் ஆனது. போனபோது ஏரிக்கரையில் கம்பெனிப் பெயரோடு பச்சைப் போர்டு நட்டிருந்தார்கள். ‘இந்த ஏரி எங்கள் பராமரிப்பில்.’ கீழே ஓடையில் மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோலம் போட்ட செம்மண் கரைந்து போயிருந்தது.

வெங்கடம்மாள் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் தீர்ப்பைச் சுற்றிவளைத்துச் சொன்னார். மேல்முறையீடு, சட்ட நுணுக்கம், நீதிமன்றத்தின் பார்வை என்று என்னென்னவோ சொன்னார். அவள் நடுவில் நிறுத்தினாள்.

“இருங்க இருங்க சார். ஏரியை வழிச்சது கம்பெனின்னு எழுதிட்டாங்களா?”

“ஆமாக்கா.”

“யாரு சொன்னது?”

அவர் தீர்ப்பு நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. இரண்டு கையையும் சுற்றியிருந்த பழைய துணியை மெதுவாகப் பிரித்தாள். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, விரல் இடுக்கில் எல்லாம் புண் பிடித்து, சில இடத்தில் பச்சையாகவே கறை ஏறியிருந்தது. ஆய்வு நாளில் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, இளநீரை வேறொருத்தியை விட்டுக் கொடுக்கவைத்தாளாம். “அதிகாரிங்க முகம் சுளிச்சிடுவாங்களேன்னுதான்” என்றாள். சேற்றில் இறங்கிய எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தானாம்.

“அப்ப இந்தக் கையும் கம்பெனியோடதா சார்?”

சென்னகிருஷ்ணனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. “தப்பு நடந்துபோச்சுக்கா. நீங்கதான் வழிச்சீங்கன்னு சொன்னா, நம்ம எல்லாரையும் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. அதான்...”

“சிரிக்கட்டுமே சார்” என்றாள் வெங்கடம்மாள். “நாங்க புத்திகெட்டுப்போய் வழிச்சிப் போட்டோம்னு சொல்லியிருந்தா, ஜட்ஜு வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாரு. சிரிச்சிட்டுப் பைப்பை அடைங்கடான்னு சொல்லியிருப்பாரு இல்ல?”

அவள் துணியை மறுபடி சுற்றத் தொடங்கினாள். ஒரு கையால் இன்னொரு கைக்கு முடிச்சுப் போட வரவில்லை. ஏரி வக்கீல் குனிந்து அந்த முடிச்சைப் போட்டுவிட்டார். அந்த வழக்கில் அவளுக்கு அவர் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.