மலை மேல் கூடாரம்

குளோஸ்டர் துறைமுகத்தில் 1918 இலையுதிர் காலத்தில் மாதா கோயிலில் சாவு மணி அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடித்தால் ஓயாது. விஷக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆட்களைப் படுக்க வைத்திருந்தது. தியோலிந்தாவின் கணவன் அமாரோவும் அவன் தம்பி செஃபெரினோவும் மீன்பிடிக் கப்பலிலிருந்து இறங்கிய அன்றே சுருண்டு விழுந்தார்கள்.

மலைமேல் பட்டாளத்துக்காரர்கள் கூடாரம் போட்டு, பகலில் நோயாளிகளை வெயிலில் கிடத்தி வைத்தியம் பார்ப்பதாகப் பேச்சு. அவர்களுடைய வண்டி தெருவுக்கு வந்தபோது மாமியார் பால்மிரா வாசலை மறித்து நின்றாள்.

"வெயில்ல போட்டு எடுக்க எம்புள்ளைங்க என்ன கருவாடா?"

"இங்க சன்னலெல்லாம் துணி அடைச்சு வச்சிருக்கீங்க அத்தை. மூச்சே விட முடியல."

"குளிர்காத்து பட்டா செத்துப் போவானுங்கடி!"

கடைசியில் ஆளுக்கொருவர் என்றானது. மூத்தவன் மனைவியோடு மலைக்குப் போனான். இளையவன் தாயோடு இருட்டறையில் கிடந்தான்.

மேலே தியோலிந்தா வெயில் நகர நகரக் கட்டிலையும் நகர்த்தினாள். அமாரோவின் நீலம் பாய்ந்த உதடு மெல்லச் சிவந்தது. ஒருநாள் கண் திறந்து, "என்னடி, இன்னும் எத்தனை தடவை புரட்டிப் போடுவே? ஒரு பக்கம் வெந்துடுச்சு," என்றான். அவள் சிரித்தாள். பிழைத்துவிட்டான் என்றே நம்பினாள்.

ஒரு மேகமும் இல்லாத பகலில், வெயில் முகத்தில் விழுந்திருக்கும்போதே அவன் மூச்சு நின்றது.

உடலோடு அவள் வீடு திரும்பியபோது செஃபெரினோ இருட்டறையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பால்மிரா மருமகளைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "கொன்னுட்டியே."

அடக்கம் முடிந்ததும் தியோலிந்தா மலையேறி டாக்டரிடம் கேட்டாள்.

"வெயில் நல்லதா கெட்டதாய்யா?"

அந்த மனிதர் தூக்கமில்லாத கண்களைத் தேய்த்துக்கொண்டார். "ஊருக்குள்ள சாகிறதை விட இங்க குறைச்சல்தாம்மா. அதுக்குக் காரணம் வெயிலா, காத்தா, கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டதான்னு எனக்குத் தெரியல. உன் புருஷனுக்கு எதுவும் போதல."

அன்று மாலை செஃபெரினோ சுவரைப் பிடித்தபடி அவளிடம் வந்தான். "அண்ணி, என்னை மேல கொண்டு போயி அண்ணனை இங்க விட்டிருந்தா?"

"தெரியாதுப்பா. அதைக் கேக்காதே."

மறுநாள் பக்கத்து வீட்டு அட்லைட் ஓடி வந்தாள். அவள் மகளுக்குக் காய்ச்சல். "அக்கா, நீங்க ரெண்டையும் பாத்தவங்க. வீட்டிலேயே வச்சுக்கவா, மேல கொண்டு போகவா?"

பால்மிரா அடுப்பருகிலிருந்து தலை நிமிர்த்தினாள். தியோலிந்தா மாமியாரை ஒருமுறை பார்த்தாள். வீட்டிலேயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் பழி தன் தலையில் விழாது. ஆனால் சாகும் முன் சிவந்த அந்த உதடு கண்ணுக்குள்ளேயே நின்றது.

"மேல கொண்டு போ. பிழைப்பாளான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அங்க மூச்சு விட முடியுது."

கறுப்புத் துணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் கூட நடந்தாள். அமாரோவின் கட்டிலில் இப்போது வேறொருவன் படுத்திருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் சிறுமியை வெயிலில் கிடத்தினாள்.

சிறுமி பிழைத்துக்கொண்டாள். அட்லைட் கையைப் பிடித்து அழுதபோது தியோலிந்தாவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. பால்மிரா சாகும் வரை மருமகளோடு பேசவில்லை.