காதுச் சோணைக்கு ஒரு சாட்சி

என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை என்று அக்கா அடிக்கடி சொல்வாள். பூட்டியிருந்தால் அவள் குடும்பமாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் செயற்கைக் காது செய்வது என் வேலை. இரண்டு காதும் இல்லாதவர்கள் வந்தால், மாதிரிக்கு அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் காதுகளில் அச்சு எடுப்பேன். வார்த்த காதுகளெல்லாம் குடும்பவாரியாக அலமாரியில் இருக்கின்றன.

அக்கா மகள் பள்ளிக்கூடப் பாடத்துக்காகப் போன் செய்தபோது, நான் ஒரு சிலிகான் காதுக்கு நிறம் கலந்துகொண்டிருந்தேன். அப்பா, அம்மா இருவருக்கும் காதின் அடிச்சதையான சோணை கன்னத்தோடு ஒட்டியிருந்தால் பிள்ளைக்குத் தொங்குமா என்று கேட்டாள். தொங்காது, புத்தகத்தில் இருக்கிறதுதான் என்று வேலை மும்முரத்தில் சொல்லித் தொலைத்தேன். அன்று மாலையே வீட்டில் எல்லோர் காதையும் பார்த்து அட்டவணை போட்டுவிட்டாள். அப்பா, ஒட்டியது. அம்மா, ஒட்டியது. மகள், தொங்குகிறது. அதை அப்பாவிடம்தான் முதலில் காட்டினாள்.

நான்காம் நாள் அத்தான் என் வேலையிடத்துக்கே வந்தார். பேருந்து ஓட்டுகிறவர், எதற்கும் பதறாத மனிதர். அக்காவோடு மூன்று நாளாகப் பேச்சில்லையாம். மகளைப் பார்த்தாலே கண் காதுக்குத்தான் போகிறதாம்.

"உள்ளதைச் சொல்லு மச்சான். அவ என் பொண்ணுதானா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு சோணைக்காகப் பதினான்கு வருடக் குடும்பத்தைச் சந்தேகப்படுகிறாரே இந்த மனுஷன்! பற்றவைத்தது யார் என்று நினைவு வந்ததும் அடங்கிப்போனேன்.

அலமாரியைத் திறந்து பத்தொன்பது காதுகளை மேசையில் பரப்பினேன். ஒட்டியது, தொங்குவது என்று பிரிக்கச் சொன்னேன். அத்தான் மாற்றி மாற்றி வைத்தார். ஆறு காதுகள் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஒரு மரபணு மட்டும் முடிவுசெய்கிற விஷயமில்லை இது, ஏகப்பட்டவை சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் இழுக்கின்றன, ஒட்டிய சோணைக்காரர்களுக்குத் தொங்கும் சோணையோடு பிள்ளை பிறப்பது சகஜம், பள்ளிப் பாடத்தில் எளிமையாக்கிவிட்டார்கள், நானும் யோசிக்காமல் உளறிவிட்டேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. கையோடு என்னையும் வீட்டுக்கு இழுத்துப்போனார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் தப்பையும் சேர்த்து ஒன்றுவிடாமல் சொன்னேன். சந்தேகம் தீர்ந்தது, இனிமேல் ஒன்றுமில்லை என்றார் அத்தான், பெரிய மனது பண்ணி மன்னித்தவர் மாதிரி. எனக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

"பதினாலு வருஷமா கூட இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. யார் யாரோட காதையோ போய்ப் பாத்துட்டு வந்திருக்கீங்க."

அத்தான் பேச வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"அந்தக் காதெல்லாம் வேற மாதிரி இருந்திருந்தா?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். அக்கா மடித்த துணியில் தன்னுடையதை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போனாள்.