பதினான்காம் ஆட்டத்துப் பூனை

டாக்டர் பூங்கோதையின் ஆய்வகத்தில், சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்ட யோசனைகளை ஒன்பதாம் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு அட்டெண்டர் காதர் அவற்றுக்கு டீ கொண்டுபோய் வைப்பார். யோசனைகள் டீ குடிப்பதில்லை. ஆனால் வைக்காவிட்டால் அவற்றின் முகம் வாடிவிடும்.

சதுரங்கம் ஆடும் புரோகிராம் ஒன்றை மனிதனைப் போல யோசிக்க வைப்பதுதான் பூங்கோதையின் ஆராய்ச்சி. அதற்கு மனிதன் எப்படி யோசிக்கிறான் என்று முதலில் தெரிய வேண்டுமே. ஆட்டக்காரரை எதிரே உட்காரவைத்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்வார். பிறகு, சதுரங்கத்துக்குச் சம்பந்தமில்லாத வரிகளை அடித்துவிட்டு மிச்சத்தைப் புரோகிராமுக்குக் கொடுப்பார். எதிலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று இருக்கிற மனுஷி. அடிபட்ட வரி நோட்டிலிருந்து எழுந்து, உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, தானாகவே ஒன்பதாம் அறைக்கு நடந்து போகும்.

மூன்று வருடமாக அவர் எதிரே உட்கார்ந்தவர் இருதயராஜ். ரயில்வே ஸ்டோரில் கிளார்க். பட்டமும் கிடையாது, பதக்கமும் கிடையாது. ஆனால் அங்கே அவர் ஆடிய பதினான்காம் ஆட்டத்தை நினைத்தால் பூங்கோதைக்கு இப்போதும் புல்லரிக்கும். எதிராளியின் ராஜா தன் கோட்டைக்குள் பத்திரமாக ஒண்டிக்கொண்டிருந்தது. இருதயராஜ் எதையோ முணுமுணுத்தபடி தன் ராணியைக் கொண்டுபோய் அதன் பக்கத்திலேயே வைத்தார். ராஜா ராணியை வெட்டியது. வெட்டிய ராஜாவுக்குத் திரும்பிப் போக வழியில்லை. பதினொரு நகர்த்தல் கழித்து, பலகையின் நடுவில், ஒரு சாதாரண சிப்பாய் அதற்கு செக்மேட் வைத்தது.

புரோகிராம் நிமிடத்துக்கு நாற்பது லட்சம் நிலைகளைப் பார்க்கும். அந்தக் கட்டத்தை இரண்டு வருடமாக அதன் முன் வைத்துப் பார்த்தாயிற்று. ஒரு தடவைகூட ராணியை அங்கே வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தோற்ற பிறகு, 'அவர் ஆடியதே நன்று' என்று அச்சடித்துக் கொடுத்தது. பெருந்தன்மைக்கு அதில் குறைவில்லை.

ஒரு திங்கட்கிழமை இருதயராஜின் மனைவி ஜெசிந்தா அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள்.

"மேடம், இவரு வீட்டுல பேசறதே இல்ல. பேசினா குதிரைங்கறாரு, யானைங்கறாரு. நேத்து தட்டுல சோத்தப் போட்டா, 'இது வெள்ளைதானே, அப்ப முதல்ல நான்தான் ஆடணும்'னு சொல்லிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. இங்க எடுத்து வச்சதத் திருப்பிக் குடுத்துருங்க."

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்," என்றார் இருதயராஜ். "ஆட்டம் மட்டும் வர மாட்டேங்குது."

அது உண்மைதான். கடைசி ஒன்பது ஆட்டமும் தோல்வி. நல்ல மனுஷனை இப்படிச் செதுக்கிச் செதுக்கி வெறும் பலகையாக்கி வைத்திருக்கிறோமே என்று பூங்கோதைக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

உடனே ஒன்பதாம் அறைக்குப் போய் எண்ணினார். இருதயராஜின் அடிபட்ட வரிகள் மொத்தம் நானூற்றுப் பதிமூன்று என்றது நோட்டு. அறையில் நானூற்றுப் பன்னிரண்டுதான் இருந்தன. ரசம் பற்றிய வரி, செருப்பு அறுந்த வரி, மாமனாருக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பற்றிய ஐந்து வரிகள், எல்லாம் கிளம்பத் தயாராக எழுந்து நின்றன. ஆனால் ஒன்று குறைந்தாலும் மற்றவை நகராது. கல்யாணத்துக்குப் போகும் வேன் மாதிரி, தலை எண்ணிச் சரியாக இருந்தால்தான் புறப்பாடு.

காணாமல் போனது எது என்று பார்த்தால், பதினான்காம் ஆட்டத்தில் ராணியை வைப்பதற்கு முன் இருதயராஜ் முணுமுணுத்த வரி. நோட்டில் அதைப் படிக்கவும் முடியவில்லை. அவ்வளவு அழுத்தி அடித்திருந்தார்.

மூன்று நாள் தேடினார். வியாழக்கிழமை காலை அது இரும்பு பீரோவுக்கு அடியில் பதுங்கியிருப்பது தெரிந்தது. கையை விட்டார். அது உள்ளே நகர்ந்தது. ஒட்டடைக் கம்பை விட்டார். சுவர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. முழங்கால் வலியோடு எழுந்து நின்ற பூங்கோதை, காதரின் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு துண்டு மீன் கேட்டு வாங்கினார். அதை வாசற்படியில் வைத்து, கதவைத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றார். கொஞ்ச நேரத்தில் அந்த வரி தானாக வெளியே வந்தது.

அவர் அதைப் படித்தார்.

'கட்டிலுக்கு அடியில பூனை. விரட்டினா உள்ளதான் போகும். கதவத் தொறந்து வச்சு மீனக் காட்டினா தானா வெளிய வரும்.'

பூங்கோதை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது லட்சம் நிலைகளில் இல்லாதது ஒரு பூனையிடம் இருந்திருக்கிறது. ராஜாவை எப்படி வெளியே வரவழைப்பது என்பதை இந்த மனிதர் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கண்டுபிடித்திருக்கிறார். என்ன மூளையப்பா இது என்று அவருக்குக் கண் கலங்கியது. இதைச் சம்பந்தமில்லை என்று அடித்த கையைத்தான் வெட்ட வேண்டும் என்றும் தோன்றியது.

ஆனால் ஒரு யோசனைக்கு ஒரு இடம்தான். புரோகிராமுக்குக் கொடுத்தால் பன்னிரண்டு வருட ஆராய்ச்சி இன்றைக்கே முடிந்துவிடும். பிறகு அது இருதயராஜுக்கு இல்லை. அவருக்குக் கொடுத்தால் புரோகிராம் கடைசிவரை தோற்றுக்கொண்டேதான் இருக்கும். பூங்கோதையால் முடிவெடுக்க முடியவில்லை. புரோகிராமிடமே விஷயத்தைத் தட்டச்சு செய்து, 'உனக்கு வேண்டுமா?' என்று கேட்டார்.

வழக்கமாக மூன்று நிமிடத்தில் பதில் வரும். அன்றைக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு அச்சு இயந்திரம் ஒரே ஒரு வரியை அடித்தது.

'அவர் சாப்பிட்டாரா?'

பழக்க தோஷம், பூங்கோதையின் கை சிவப்புப் பென்சிலை எடுத்துவிட்டது. வரியின் மேல் கொண்டுபோய், நிறுத்தி, பென்சிலைக் கீழே வைத்தார்.

சொல்லியனுப்பியதும் ஜெசிந்தாவும் இருதயராஜும் மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். பூனை வரியைப் பூங்கோதை இருதயராஜின் காதோரமாக வாசித்தார். அது உள்ளே போயிற்று. இருதயராஜ் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார்.

"ஜெசி, வரும்போது அடுப்படி ஜன்னலச் சாத்தினியா? பூனை பாலத் தட்டிவிட்டுரும்."

ஜெசிந்தா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சாத்தலங்க," என்றாள். "மறந்துட்டேங்க."

மிச்சமிருந்த நானூற்றுப் பன்னிரண்டும் அவர்கள் பின்னாலேயே பஸ் ஏறின. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க," என்றார் கண்டக்டர். புரோகிராமின் வரியும் காகிதத்திலிருந்து எழுந்து போய் அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டது.

மூன்று மணிக்கு அது திரும்பி வந்தது. அதன்மேல் குழம்பு வாசனை அடித்தது. சாப்பிட்டார் என்று சொன்னது. மீன் குழம்பு, இரண்டாம் தடவை சோறு வாங்கினார், பூனைக்கும் ஒரு தலையைக் கதவோரம் ஒதுக்கி வைத்தார், அது கட்டிலுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அது புரோகிராமுக்குள் போயிற்று.

பூங்கோதை பதினான்காம் ஆட்டத்தின் அந்தக் கட்டத்தைப் பலகையில் மறுபடி அடுக்கினார். புரோகிராம் ராணியை எதிராளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது. அவர் வைத்தார்.

ராஜா ராணியை வெட்டியது. பிறகு பலகையிலிருந்து இறங்கி, மேசையிலிருந்தும் இறங்கி, வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. பூங்கோதை அதற்கு முன்னால் போய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.