ஆறாத என்ஜின்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வருகிறவன் விவரமான ஆளாக இருந்தால், எடுத்த எடுப்பில் விலையைக் கேட்கமாட்டான். குனிந்து என்ஜினில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். ஜில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், காலைக் குளிரில் கிளம்பாத வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்து, தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

நர்ஸ் வீட்டுக் கொட்டகையில் நின்ற வண்டியைப் பார்க்க வந்த முதல் ஆள், வைத்த கையை வெடுக்கென்று எடுத்தான். "ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களாக்கா?" என்றான். அவள் இல்லை என்றாள். சிரித்துவிட்டுப் போனான். இரண்டாவதாக வந்தவன் சிரிக்கக்கூட இல்லை.

ஆள் பிடித்துக் கொண்டுவந்த கொழுந்தனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "விக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்க அண்ணி. என்னை ஏன் பொய்யனாக்குறீங்க?"

"நான் அதைத் தொடவே இல்லப்பா."

"அப்ப யாரு, பேயா?" என்று கேட்டவன், நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் அண்ணன் செத்தது அந்தக் கொட்டகையில்தான்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட். விடிந்து வந்து அவள் கண் அசரும் நேரத்தில்தான் புருஷன் வேலைக்குக் கிளம்புவான். பெட்ரோலைத் திறந்து, ஆறின என்ஜினைக் கிளப்ப உதவும் சோக் லிவரை மேலே தூக்கி, சாவி போடாமல் இரண்டு உதை. பிறகு சாவி போட்டு ஓர் உதை. வண்டி பிடித்துக்கொள்ளும். ஆனால் உடனே சோக்கை இறக்கினால் பொசுக்கென்று அணைந்துவிடும். என்ஜின் சூடேறும்வரை பக்கத்திலேயே நின்று, பச்சைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அதுவரை வீடே அதிரும்.

ஒருநாள் அவள் ஜன்னல் வழியாகக் கத்தினாள். "மனுஷியத் தூங்க விட மாட்டீங்களா? கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உறுமிட்டுக் கிடங்க!"

அவன் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தக் கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. அடைத்த இடத்தில் அந்தப் புகை மனிதனை என்ன செய்யும் என்று படித்துத் தேர்வு எழுதியவள் அவள். அன்றைக்குப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. 'பாவம், கூறுகெட்டுப்போய் அவனே கதவைச் சாத்திக்கிட்டான்' என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது. அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டி வீட்டை விட்டுப் போனால் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருப்பதும் போய்விடும் என்று நினைத்தாள்.

மூன்றாவது ஆள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின ராத்திரி லீவு போட்டாள். விடிவதற்கு முன்பே கொட்டகைக் கதவை அகலத் திறந்து வைத்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ஜினைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது.

வெளிச்சம் வந்தது. சோக் லிவர் 'டிக்' என்று மேலே போனது.

உதைக்கும் கட்டை மெதுவாக இறங்கி ஏறியது. மறுபடி இறங்கி ஏறியது. அவள் எழுந்து ஓடத் திரும்பியபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் மூடியது. அந்தக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துச் சாத்தினால் கீல் கத்தாது. உள்ளே ஒருத்தி தூங்குகிறாளே என்று அவன் அப்படித்தான் சாத்துவான்.

பயம் போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய்க் கதவுக்கு முதுகைக் கொடுத்தாள்.

"சாத்தாதீங்க. நான் தூங்கல. முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

முதுகில் அழுத்திய பாரம் நின்றது. என்ஜின் ஒரே உதையில் பிடித்துக்கொண்டு தெருவையே எழுப்பியது. பக்கத்து வீட்டில் யாரோ திட்டினார்கள். திட்டட்டும் என்று இருந்தது அவளுக்கு. சோக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சத்தம் சீராகி, புகையெல்லாம் திறந்த கதவு வழியே போனது. பிறகு வண்டி தானாக அணைந்தது. அவள் அழுதுகொண்டே நின்றாள்.

அந்த ஈரம் காயும் முன்பே கொழுந்தன் ஆளோடு வந்துவிட்டான். வந்தவன் குனிந்து புறங்கையை வைத்தான்.

"பச்சைத் தண்ணி மாதிரி இருக்குண்ணே. மாசக்கணக்கா யாரும் தொடல போல."

கொழுந்தனுக்கு முகமெல்லாம் பல். அவள் வந்தவனை விலக்கிவிட்டு இரண்டு கையையும் என்ஜினில் வைத்துத் தடவினாள். மேலே, கீழே, புகைக்குழாயில். பொட்டுச் சூடு இல்லை.

"போயிட்டாரு" என்றாள்.

"யாரு அண்ணி?"

இனி அன்றைக்கு ஜன்னல் வழியாகக் கத்தியதைத் தெரிந்தவர் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் என்ஜினிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்.

"உங்கண்ணன் கூறுகெட்டுப்போய்க் கதவைச் சாத்தலப்பா. நான்தான் சாத்தச் சொன்னேன்."