நிஜமாக ஓட்டுகிற விளையாட்டு

ராஜ்குமாரின் கேம் சென்டரில் யாருக்கும் பிடிக்காத விளையாட்டு ஒன்று இருந்தது. ஸ்டீயரிங்கும் பெடலும் வைத்து ஓட்டுகிற கார் பந்தயம். சென்னைக்குப் போய் ஆசை ஆசையாக வாங்கி வந்தான். முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. அடுத்த வாரமே அந்த நாற்காலி காலியாகிவிட்டது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருக்கிற பந்தயத்தில் கார் சுவரில் மோதினால் பந்து மாதிரி துள்ளிவிட்டு மறுபடி ஓடும். இதில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. வளைவுக்கு முன்னால் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதித்தால் போதும், கார் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றுவிடும்.

"துட்டும் குடுத்து கஷ்டமும் படணுமா? இதுக்கு எங்கப்பா மொபெட்டையே ஓட்டிகினு போவேன்" என்று ஆரணி இளவட்டங்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விளையாட வருகிறவனுக்கு வேலை கொடுத்தால் எவன் வருவான்?

ஒரே ஓர் ஆள் மட்டும் மத்தியானம் ஆனால் வந்து உட்கார்ந்தார். ராஜ்குமாரின் அக்கா ஸ்வர்ணலதாவின் கணவர் கமலக்கண்ணன். ஆனால் அவர் அதை ஆடிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதக் காத்திருக்கிறவர் போல ஒரு முகம்.

கமலக்கண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சேவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி ஆரணிக்குக் கொண்டுவந்து விடுவார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறிப் பக்கம் போகாமல் சின்ன வயதிலேயே ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். அது போனால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. போன மாதம் ஒரு சாயங்காலம், எரிகிற கொசுவர்த்திச் சுருளை மிதித்துக்கொண்டே நின்று பேசிக்கொண்டிருந்தார். தீய்கிற வாடை வந்து ஸ்வர்ணலதா அலறிய பிறகுதான் காலை எடுத்தார். சர்க்கரை முற்றி வலது பாதம் மரத்துப் போயிருந்தது. டாக்டர் ஊசி முனையால் குத்திக் குத்திப் பார்த்தார். "இந்தக் கால வெச்சிகினு ஸ்கூல் வண்டி ஓட்டாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து காலோடு சேர்ந்து மனசும் மரத்துவிட்டது. ஸ்வர்ணலதா அழுதாள். அவருக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், பாய் விரித்தால் படுத்தார். வேன் முதலாளி பச்சையப்பனிடம் மட்டும் சுளுக்கு என்று சொல்லி வைத்தார். நல்லவேளையாகக் காலாண்டு லீவு வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்றைக்கு வேனை எடுப்பதா, இல்லை இனி எடுப்பதே இல்லையா என்பதை அவர் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

வேனையே கோட்டை மைதானத்துப் பக்கம் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்திருக்கலாம்தான். யாராவது பார்த்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் மச்சினன் கடை. சுவரில் ஒருதரம்கூட மோதாமல் ஒரு பந்தயத்தை முடித்துவிட்டால் திங்கட்கிழமை வண்டி எடுப்பது என்று தனக்குத்தானே பேசி வைத்துக்கொண்டார். ராஜ்குமாருக்கும் இது தெரியாது. மாமா மனசு மாறட்டும் என்று விளையாடுகிறார் என்றுதான் அவன் நினைத்தான்.

நாள் தவறாமல் மோதினார். மோதும்போது திடுக்கிடக்கூட இல்லை. திரையில் கார் முன்பக்கம் நசுங்கி நிற்கும். அவர் யாருடைய காரையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

சனிக்கிழமை அப்படி நடக்கவில்லை. முதல் வளைவில் கார் அழகாக வேகம் குறைந்து திரும்பியது. இரண்டாவதிலும் அப்படியே. ஒரு சுற்று முழுக்க எங்கேயும் உரசவில்லை. காலுக்கு உயிர் வருகிறது என்று நினைத்தார். சந்தோஷம் வந்ததா என்றால், வர வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னா மாமா, பின்றீங்க இன்னிக்கி!" என்றான் ராஜ்குமார்.

இரண்டாம் சுற்றில் வளைவு நெருங்கியது. பிரேக்கை மிதித்தார். கார் நின்று நிதானித்துத் திரும்பியது. காலை அடிக்கடி கண்ணால் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தப் பழக்கத்தில் குனிந்து பார்த்தார். அவர் கால் பிரேக்கின் மேல் இல்லை. பெடலுக்குப் பக்கத்தில், வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

நேர்ச்சாலையில் ஆக்சிலேட்டரை மிதித்து வேகத்தை ஏற்றினார். அடுத்த வளைவு வந்ததும் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கார் தானாகவே பிரேக் பிடித்தது.

"ராஜூ, இதுல இன்னா பண்ண?"

ராஜ்குமார் தலையைச் சொறிந்தான். "செட்டிங்ஸ்ல பிரேக் ஹெல்ப்புன்னு ஒண்ணு இருக்குது மாமா. அத ஆன் பண்ணேன். தெனம் தோத்துகினே இருக்கீங்களேன்னு... ஒரு தடவ ஜெயிச்சா மனசு தேறும்னு பண்ணேன்."

"அத எடுத்துடு."

எடுத்தான். கமலக்கண்ணன் காலை ஊன்றி முதலிலிருந்து ஆரம்பித்தார். முதல் வளைவிலேயே கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. இந்தத் தடவை அவர் காரைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் நெருக்கியடித்து உட்காரும் பிள்ளைகளை, மடியில் இருக்கும் அவர்களுடைய பைகளை, அம்மாக்கள் கையாட்டுவதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். காலைக் குனிந்து பார்த்திராவிட்டால் அந்தப் பந்தயத்தை மோதாமல் முடித்திருப்பார். மச்சினன் செய்த நல்லதில் திங்கட்கிழமை வண்டி எடுத்திருப்பார். கோபம் வருமா என்று பார்த்தார். அதுவும் வரவில்லை.

கடை போனிலிருந்து பச்சையப்பனைக் கூப்பிட்டார்.

"இன்னா கமலக்கண்ணா, சுளுக்கு விட்டுதா? திங்கக்கெழம கரெக்டா வந்துடு."

"வேற ஆளப் பாத்துக்குங்க. பிரேக் புடிக்கலீங்க."

"நம்ம வண்டியிலயா? மெக்கானிக் இப்பதான பாத்துட்டுப் போனான்."

"வண்டியில நல்லா புடிக்குதுங்க. என் கால்தான் செத்துப் போச்சி. சுளுக்குன்னு பொய் சொன்னேன்."

"ஒடம்பப் பாத்துக்கப்பா" என்று சொல்லிப் பச்சையப்பன் போனை வைத்துவிட்டார்.

நடந்தது அப்போதுதான் ராஜ்குமாருக்கு விளங்கியது. அவன் கண் கலங்கிவிட்டது. கமலக்கண்ணன் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கார் கிளம்பியது, மோதியது. மறுபடி கிளம்பியது, மறுபடி மோதியது.

"வேற கேம் போடறேன் மாமா. இதுல இன்னா ஜாலி இருக்குதுன்னு குந்திகினு இருக்கீங்க?"

"பின்னாடி புள்ளைங்க யாரும் இல்ல பாரு" என்று சொல்லிவிட்டு, கமலக்கண்ணன் அடுத்த வளைவுக்குக் காரை விட்டார்.