மருந்து அலமாரிச் சாவி

உச்சிப்புளி சாலையில் இருந்த தர்ம ஆஸ்பத்திரியில், 1958 வைகாசியில், செபஸ்தியம்மாள் ராஜினாமாக் கடிதம் எழுதி நீட்டினாள். தங்கச்சிமடத்துப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். அந்த வருஷம் விட்டுப்போகிற மூன்றாவது நர்ஸ்.

தலைமை நர்ஸ் நாகலெட்சுமி கடிதத்தை டாக்டர் குருநாதனிடம் கொண்டுபோனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது என்றார் அவர். பதினோரு வருஷமாக அவள் தலையாட்டிக் கேட்ட பேச்சுதான். அன்று தலை ஆடவில்லை. முந்தின நாள், தண்ணீர் கேட்ட ஒரு கிழவரை அவளே வார்டே பார்க்க அதட்டியிருந்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

"பொறுமைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லய்யா. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. மத்தியானம் வரைக்கும் எங்கூட நடந்து பாருங்க. அப்புறம் இதுல கையெழுத்துப் போடுங்க."

டாக்டரின் முகம் சுண்டியது. ஆனாலும் வந்தார்.

நாற்பத்திரண்டு நோயாளிகளுக்கு இரண்டே நர்சுகள். கிணற்றிலிருந்து அவள் குடம் குடமாகச் சுமக்க, அவரும் கூடவே நடந்தார். மருந்து அலமாரிச் சாவி கிளார்க் நெய்னா முகம்மதுவிடம். அவர் டீக்கடைக்குப் போயிருந்ததால், வயிற்றுவலியில் துடித்தவனோடு டாக்டரும் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். கட்டுப் போட்டது, ஊசி போட்டது எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மணி நேரம் தேறாது. மற்றதெல்லாம் ஓட்டம். பதினோரு மணிக்கு அவர் உட்கார இடம் தேடினார்.

"நர்ஸ் உக்காரக்கூடாதுன்னு நீங்கதான் நாற்காலிய எடுக்கச் சொன்னீங்க" என்றாள் நாகலெட்சுமி, நிதானமாக.

மத்தியானமே சாவி அவள் கைக்கு வந்தது. தண்ணீர் எடுக்கக் கூத்தையா என்று ஒரு ஆளை வைத்தார்கள். நாற்காலியும் திரும்பி வந்தது. அதைக் கிழவரின் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டாள். அவர் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு நர்சுக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டியில் கேட்டுப்பார்ப்பதாக டாக்டர் சொன்னபோது, தானும் வருவதாக நாகலெட்சுமி சொன்னாள். போனாள், பேசியதும் அவள்தான். கமிட்டி ஒத்துக்கொண்டது.

செபஸ்தியம்மாள் உடனே மனம் மாறிவிடவில்லை.

"ஒரு மாசம் பாக்குறேன்க்கா. சரிப்படலேன்னா போயிருவேன்" என்றாள்.

ஆவணியில் புது நர்ஸ் வந்து சேர்ந்தாள். செபஸ்தியம்மாளின் சின்னம்மா மகள். மதுரையில் படிப்பை முடித்திருந்தவளை, இங்கே வா என்று கடிதம் போட்டு வரவழைத்ததே செபஸ்தியம்மாள்தான்.